அஞ்சு மணி நேரக் கல்யாணம், ஒரே டிஸ்க்

அந்த அக்காவிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"யாரு பாக்கப்போறாங்க?"

எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் பிறகுதான். பென் டிரைவைக் கையில் வாங்குவார். மூடியைக் கழற்றிப் பார்ப்பார். மறுபடி மூடி மேசைமேல் வைத்துவிட்டு இதைக் கேட்பார். பதில் வரும்வரை அதைக் கம்ப்யூட்டரில் சொருகமாட்டார். "எல்லாரும்தானுங்க" என்று யாராவது சொன்னால் போச்சு. "எல்லாருன்னா யாரு? பேரச் சொல்லுங்க, வயசச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொள்வார்.

சாமிங்களா, உங்களுக்கு டிவிடி என்றால் சரியாகத் தெரியாது. நீங்கள் போனைத் தொட்டால் படம் ஓடுகிறது. உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமான சமயத்தில் என்னிடம் இருந்தது பட்டன் போன். நம் மலையில் பாதி ஊரில் டவரும் கிடையாது. வீட்டில் ஒரு குண்டு டிவி இருக்கும், அதன்மேல் ஒரு டெக் இருக்கும். தட்டு மாதிரி இருக்கும் டிஸ்க்கை டெக்குக்குள் தள்ளினால்தான் படம். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பித் திருவிழா எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றித் தர செம்மேட்டில் இருந்த ஒரே ஆள் அந்த அக்காதான்.

கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரு மிளகு வியாபாரியின் கிடங்குக்கு மேல் மாடியில் இருந்தது. படிக்கட்டு நெடுக மிளகு மூட்டை. தும்மாமல் யாரும் மேலே போக முடியாது. தும்மலைக் கேட்டே, "கரையங்காட்டு அண்ணன் வாராரு" என்று உள்ளிருந்தபடி சொல்லிவிடுவார் அக்கா. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அவர் மலைக்காரர் இல்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வருவார். அத்தனை வளைவு சுற்றி வந்தும் அவருக்கு அந்தப் பஸ் கடைசிவரை பழகவே இல்லை. கடையைத் திறந்ததும் நாற்காலியில் சாய்ந்து, வாயில் ஒரு புளிப்பு மிட்டாயைப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் வரிசையாக நின்று அவர் கண் திறப்பதற்காகக் காத்திருப்பார்கள்.

அவருடைய அந்தக் கேள்வி முதலில் எல்லோருக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் குண்டூர் நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். அவர் ஊரில் நடந்த கூத்தை போனில் எடுத்து வைத்திருந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

"யாரு பாக்கப்போறாங்க?"

"எங்க மாமாவுக்குங்க. அந்தக் காலத்துல அவரே வேசம் கட்டினவரு."

"டிவி எவ்வளவு பெருசு? எத்தன அடி தள்ளி உக்காருவாரு?"

"எவ்வளவு தள்ளி உக்காந்தா என்னங்க அக்கா, அவருக்குத்தான் ரெண்டு கண்ணும் போயிருச்சே."

அக்கா போனைக் கையில் வாங்கினார். "அத மொதல்லயே சொல்றதில்லீங்களா?" என்றார். ரெண்டு நாள் கழித்து டிஸ்க் வாங்கிப் போனவர், மூன்றாம் நாள் சண்டைக்கு வந்துவிட்டார். "என்னங்க அக்கா இது, ராசாவும் தெரியல, மந்திரியும் தெரியல, எல்லாம் மூடுபனியில ஆடற மாதிரி இருக்குது!"

"மாமா என்ன சொன்னாரு?"

வந்தவர் தலையைச் சொறிந்தார். "அவரு... அவரு அழுவறாருங்க. மத்தளக்காரன் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதுன்னு சொல்றாரு. கேட்டுக்கிட்டே இருக்காரு, நிறுத்த உடமாட்டேங்கறாரு."

"அப்பறம் எதுக்குங்க சண்டைக்கு வந்தீங்க?"

டிஸ்க்கில் படத்துக்குப் போகவேண்டிய இடத்தையெல்லாம் எடுத்து சத்தத்துக்குக் கொடுத்துவிட்டார் அக்கா. அவ்வளவுதான் அவர் செய்தது.

இன்னொரு சமயம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. தலைமையாசிரியர் தாமே கொண்டுவந்து கொடுத்தார். யார் பார்ப்பார்கள் என்றதற்கு, "பெத்தவங்க பாப்பாங்கம்மா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அக்கா பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண்ணாடி மாதிரி வைத்துவிட்டு, தலைமையாசிரியரின் முக்கால் மணி நேரப் பேச்சை மட்டும் கொஞ்ச இடத்துக்குள் பிடித்து அமுக்கிவிட்டார். அவர் படியேறி வந்தபோது தும்மலிலேயே கோபம் தெரிந்தது.

"ஏம்மா, என் மூக்கு எங்கம்மா? மூஞ்சியில மூக்கே இல்ல!"

"பேச்சு தெளிவா கேக்குதுங்களே சார்."

"மூக்கில்லாம பேசறேனேம்மா!"

கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எல்லாமே இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. ஒரு பெண் வந்தது. கேரளாவுக்கு வேலைக்குப் போன வீட்டுக்காரர் அனுப்பியிருந்த வீடியோ. கடையில் நாலைந்து பேர் நிற்கும்போதே அக்கா சத்தமாகக் கேட்டுவிட்டார். அந்தப் பெண் முகம் சிவந்து, மேசையிலிருந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டது. மறுபடி வரவேயில்லை. அன்று அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மறுநாள் போனபோது மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, எதிரில் ஒரே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். அதற்குப் பிறகு யாரிடம் கேட்டாலும் குனிந்து, காதோரமாகத்தான் கேட்பார். கேட்பதை மட்டும் விடவில்லை.

போன் வந்தது. டிஸ்க் போச்சு. இப்போது அந்த அறையில் தையல் மெஷின் ஓடுகிறது. அக்கா மலைக்குக் கீழேயே ஏதோ ஆபீஸில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப்போய் விசாரித்ததில்லை. விசாரித்திருக்க வேண்டும். ஏன் என்கிறீர்களா? அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது உங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி மிளகு பறிக்க ஏறி, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். மூங்கில் ஏணி ஈரத்தில் வழுக்கிவிட்டது. இடுப்பெலும்பு போச்சு. நாமக்கல்லில் பிளேட் வைத்து, மூன்று மாதம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று பெண் வீட்டிலிருந்து உங்கள் அம்மாயி ஆள் விட்டுக் கேட்டார். எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் பூக்கேட்டு வைத்த நாள், சாமி கொடுத்த நாளை மனுசன் மாற்றக்கூடாது என்று என் பெரியப்பா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் வாய் திறக்கவில்லை.

ஆக, பெண்ணைப் பெற்றவர் இல்லாமல், எங்கள் ஊரில், எங்கள் வீட்டு முன்னால் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அப்புச்சி மேலே கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "வாங்க" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

வீடியோ எடுத்தவர் மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரர். முழுக் கல்யாணத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அஞ்சு மணி நேரம். இதை டிஸ்க்கில் ஏற்றி அப்புச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் மனம் இறங்குவார் என்று நினைத்தேன். தும்மிக்கொண்டே மாடி ஏறினேன்.

"அக்கா, மொத்தமே மூணு ஜிபிதானுங்க. டிஸ்க்குல நாலுக்கு மேல புடிக்குமாமே. மிச்ச எடத்துல ரெண்டு சாமி பாட்டு போட்டுக் குடுத்துடுங்க."

அக்கா சிரித்துவிட்டார். "தம்பி, உங்க ஊட்டுல சாமைச் சோறு ஆக்குவாங்களா?"

"ஆக்குவாங்க."

"ஒரு படி அரிசி போட்டா சட்டி நெறைஞ்சு பொங்கி வருதில்லீங்க? இந்தப் பென் டிரைவுல இருக்கறது அரிசி. கம்ப்யூட்டரு, போனு எல்லாம் அரிசியக் குடுத்தா அதுங்களே ஆக்கித் தின்னுக்கும். பழைய டெக்குக்கு அடுப்பும் இல்ல, சட்டியும் இல்ல. நாமதான் சோறாக்கி ஊட்டோணும். அரிசி மூணு ஜிபியா இருந்தா என்ன, முப்பதா இருந்தா என்ன? ஒரு டிஸ்க்குல ரெண்டு மணி நேரத்துச் சோறுதான் நல்லாப் புடிக்கும்."

"அமுக்கி வெச்சா?"

"அமுக்கலாம். களியாயிரும். அப்பறம் பொண்ணு எது, மாப்பிள்ளை எதுன்னு தேடோணும்." பென் டிரைவை மேசைமேல் வைத்தார். "எத உதிரியா வெக்கறது, எதக் களியாக்கறதுன்னு எனக்குத் தெரியோணுமில்ல? யாரு பாக்கப்போறாங்க?"

சொன்னேன். அவர் விடவில்லை. எப்படிப் படுத்திருக்கிறார், தலை எந்தப் பக்கம், டிவி எங்கே இருக்கிறது, கண்ணாடி போடுவாரா, பகலில் கூட யார் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பகலில் அம்மாயி காட்டுக்குப் போய்விடுவார், அப்புச்சி தனியாகத்தான் கிடப்பார் என்றேன்.

"அப்ப ரெண்டு மூணு டிஸ்க்காப் போட்டு வேலையில்லீங்க. எந்திரிச்சுப் போய் மாத்தறதுக்கு அவரால முடியாது. ஒரே டிஸ்க்கு. தானா ஓடோணும். ரிமோட்ட அமுக்கினா போதும்னு இருக்கோணும். எது முக்கியம்னு அவரையே கேட்டுட்டு வாங்க."

"தாலி கட்டறதுதானுங்க அக்கா முக்கியம்."

"அது உங்களுக்கு. அவரக் கேட்டுட்டு வாங்க."

வேண்டாவெறுப்பாகப் போய்க் கேட்டேன். அப்புச்சி கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பந்தி."

"தாலி கட்டறதுங்க மாமா?"

"அது கட்டித்தானே இருப்பீங்க. பந்தி வேணும். ஒரு ஆளு உடாம, இலை போட்டதுலிருந்து கையலம்பறது வரைக்கும்."

கல்யாண வீடியோவில் பந்தியை யார் பார்ப்பார்கள்? ஒன்றரை மணி நேரம் வாய் மெல்லுவதுதான் இருக்கும். அக்காவிடம் வந்து சொன்னபோது, அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "சரி, பந்திய மொதல்ல ஓட வெச்சுடறேன்" என்று சொருகி ஓடவிட்டார். நானும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் பந்தி. வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. கடைசி வரிசையில் எட்டுப் பேர். அப்புச்சியின் பங்காளிகள். அவர் வரமுடியாததால், அவருக்காக விடிவதற்கு முன்னால் கிளம்பி நடந்தே வந்தவர்கள். என் பெரியப்பா அவர்கள் பக்கம் வருகிறார். கையைக் காட்டி ஏதோ சொல்கிறார். மேளச் சத்தத்தில் வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மொதல்ல உக்காரட்டும், நீங்க அடுத்த பந்திக்கு வாங்க." எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எழுந்துகொள்கிறார்கள். அந்த இலைகளில் எங்கள் ஆட்கள் உட்காருகிறார்கள். அந்த எட்டுப் பேரும் அடுத்த பந்தியிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை.

இலை முன் உட்கார்ந்தவனை எழுப்புவது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அடித்தால்கூட மறப்பார்கள்.

அது மட்டும் இல்லை. படத்தின் ஓரத்தில், பந்தல் காலுக்குப் பக்கத்தில், மாலையோடு ஒருவன் நிற்கிறான். அவர்கள் எழுவதைப் பார்க்கிறான். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அது நான்தான்.

அக்கா படத்தை நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நானாகத்தான் வாய் திறந்தேன்.

"அக்கா, அந்த எடத்த மட்டும் எடுத்துடுங்க. ரெண்டு நிமிசம்கூட வராது."

"நீங்களும் உங்க ஊட்டுக்காரியும் பாக்கறதுக்குன்னா இப்பவே எடுத்துடறேன். அவருக்குப் போறதுல எடுக்கமாட்டேன்."

"கொண்டாந்தது நானுங்க."

"கொண்டாந்தது நீங்க. பாக்கறது அவரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரெல்லாம் சொல்றது சரியாத்தான் இருக்குது. உங்ககிட்ட வந்தா வேலைக்காகாது" என்று சொல்லி, பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். அன்றைக்கே பஸ் ஏறிக் கீழே போனேன். அங்கே ஒரு கடையில் கேள்வியே கேட்கவில்லை. "அஞ்சு மணி நேரமா? ஒரே டிஸ்க்குல போட்டுடலாம்ணே, பந்திய முன்னாடி வைக்கணுமா, வெச்சுடலாம். அந்த ரெண்டு நிமிசத்த வெட்டணுமா, வெட்டிடலாம்." டீ குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்தேன், டிஸ்க் கையில்.

மறுநாள் உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்புச்சி வீட்டுக்குப் போனேன். டெக்கில் போட்டேன். படம் வந்தது. முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, மஞ்சள் கரைத்த தண்ணீருக்குள் இருந்து பார்ப்பதுபோல வந்தது. அப்புச்சி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். கடைசி வரிசையில் எட்டு உருவம் உட்கார்ந்திருந்தது. கண் இமைப்பதற்குள் அந்த இடத்தில் வேறு எட்டு உருவம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இங்க என்னமோ தாவுதே?"

"டிஸ்க்குக் கோளாறுங்க மாமா."

அப்புச்சி ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் அம்மாவைப் பார்த்து, "கண்ணு, நீ கொஞ்ச நாளைக்கு இங்கயே இரு" என்றார்.

உங்கள் அம்மா என்னை வெளியே கூட்டிவந்தாள். "அங்க என்ன தாவுச்சு?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன். அன்றைக்கு அவள் உள்ளே பெண்களோடு இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"சும்மா நின்னேன்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. "போய் ஒழுங்காப் போட்டுட்டு வாங்க. அப்பறம் நான் வாரதப் பத்திப் பேசலாம்" என்று உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. நான் மட்டும் தனியாக வீட்டுக்குத் திரும்பினேன். என் அம்மா, "அவ எங்கடா?" என்று கேட்டதற்கு, மாமாவைப் பார்த்துக்க ஆள் வேணுமாம் என்று ஒரு பொய் சொன்னேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கசந்துவிட்டது.

மறுபடி மாடி ஏறினேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ போயிருந்தீங்களாமா? கண்டக்டர் சொன்னாரு."

"போயிருந்தேனுங்க."

"களியா?"

"களிதானுங்க."

அதோடு விட்டுவிட்டார். கையை நீட்டினார், பென் டிரைவைக் கொடுத்தேன். பந்தி ஒன்றரை மணி நேரத்தையும் உதிரியாக வைத்தார். மீதி மூன்றரை மணி நேரத்தை, தாலி கட்டுவது உட்பட, அமுக்கினார். கம்ப்யூட்டர் பாதி வேலையில் இருக்கும்போது கரண்ட் போகும். அதற்கு இருந்த பேட்டரி பத்து நிமிடம்தான் தாங்கும், அதற்குள் கரண்ட் வராவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. மூன்று தடவை அப்படி ஆயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம் டிஸ்க் வந்தது. சூடாக இருந்தது. அதைத் தன் கடையில் இருந்த ஒரு பழைய டெக்கில் போட்டு, பந்தி முழுவதையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

டிஸ்க்கை அப்புச்சியின் டெக்கில் போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உங்கள் அம்மா கதவோரம் நின்றாள். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அப்புச்சி கழுத்தைத் தூக்கி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"அவனுக்கு ரெண்டாந்தரம் ரசம் ஊத்தவே இல்ல பாரு. கேக்கவும் மாட்டான், கூச்சக்காரன்... இவ இலையில அப்பளம் எங்க? ஓ, மடியில வெச்சிருக்கா!"

அந்த இடம் வந்தது. எட்டுப் பேரும் எழுந்தார்கள். அப்புச்சி ரிமோட்டை அமுக்கினார். படம் அப்படியே நின்றது. சரியாக நான் சிரிக்கும் இடம். பல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

வெளியே கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"பாத்தேனுங்க மாமா" என்றேன். "பாத்துட்டு சும்மா நின்னேன். அன்னிக்குத் தாவுனது டிஸ்க்குக் கோளாறு இல்லீங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்."

அப்புச்சி என் முகத்தைப் பார்த்தார். விழுந்த பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எட்டுப் பேரும் கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே வந்தானுங்க. வயிறு நெறையச் சாப்ட்டோம்னானுங்க. என்ன போட்டாங்கன்னு கேட்டேன். ஒருத்தன் பாயசம்னான். ஒருத்தன் கேசரின்னான். ஒருத்தன் ஜிலேபிங்கறான். இவளக் கேட்டா லட்டுங்கறா." உங்கள் அம்மாவைக் காட்டினார். "படுத்துக் கெடக்கறவன் மனசு நோகக்கூடாதுன்னு எட்டுப் பேரும் பொய் சொல்லியிருக்கானுங்க. பட்டினியா நடந்து வந்து பொய் சொல்லியிருக்கானுங்க. அதான் பந்தி வேணும்னேன்."

ரிமோட்டை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். "எட்டு ஊட்டுக்கும் போங்க. நீங்களே போய்க் கூப்பிடுங்க. இங்க, எங் கண்ணு முன்னால சாப்பிடோணும்."

போனேன். என் பெரியப்பாவிடமும் போய், "நீங்களும் வரணும்" என்றேன். "நான் என்னத்துக்கு வாரேன், மாப்பிள்ளை ஊட்டுக்காரன் எறங்கிப் போவானா?" என்றார். "நான் எறங்கிட்டேனுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் முறை. அவர் வரவில்லை.

எட்டுப் பேரும் வந்தார்கள். அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன். மதியம் கடையைப் பூட்டிவிட்டு ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், வாயில் புளிப்பு மிட்டாயோடு. அப்புச்சியின் கட்டிலைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டோம். வாசலில் பாய் விரித்து, அக்காவையும் சேர்த்து ஒன்பது இலை. நான்தான் இலை போட்டேன், தண்ணீர் தெளித்தேன், சோறு பரிமாறினேன். உங்கள் அம்மா குழம்பு ஊற்றினாள்.

எட்டுப் பேரில் மூத்தவர் இலைமேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உக்காந்தே இருக்கலாமுங்களா, இல்ல இன்னும் யாராச்சும் வரோணுமா?"

எனக்கு முகம் எரிந்தது. மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கட்டிலில் இருந்து அப்புச்சி, "தின்னுடா, ரொம்பத்தான் பேசற" என்று சத்தம் போட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீதானா கண்ணு அது? மொகமெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது" என்றார்.

"தாலி கட்டறது தெரியாதுங்கப்பா. அத அமுக்கிட்டேன்."

"கெடக்குது போ."

எல்லோரும் போனபிறகு உங்கள் அம்மா உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாரேனுங்கப்பா" என்று அப்புச்சியிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம். நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அக்காவும் உங்கள் அம்மாவும் பின்னால் வந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அக்காவின் குரல் கேட்டது. தாழ்ந்த குரலில்தான் கேட்டார். ஆனால் பாதையில் சத்தமே இல்லை.

"ஏங் கண்ணு, அந்த அஞ்சு மணி நேரத்தையும் நான் நாலு தடவ பாத்துட்டேன். நீ சாப்ட்டத மட்டும் நான் பாக்கவே இல்லையே?"

"அன்னிக்குச் சாயங்காலம் ஒரு பழம் தின்னேனுங்க அக்கா" என்றாள் உங்கள் அம்மா.

"இன்னிக்கு?"

"இன்னிக்குக் கொழம்பு ஊத்திட்டு இருந்தனுங்களே."

நான் நின்றுவிட்டேன். கல்யாணத்தன்று முக்கால்வாசி நேரம் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். இந்த விருந்திலும் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது.

"பஸ் போனா அடுத்ததுல போய்க்கறேன்" என்றார் அக்கா.

மூன்று பேரும் திரும்பி நடந்தோம். வாசலில் பாய் இன்னும் சுருட்டாமல் கிடந்தது. நான் அடுக்களைக்குப் போய் இலை ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்து போட்டு, உங்கள் அம்மாவை உட்காரச் சொன்னேன்.